டிராவல் போட்டோ போட்டிக்கு முதல் தடவையா படம் அனுப்பப் போறீங்களா? இத படிச்சிட்டு அனுப்புங்க

நான் டிராவல் பிரிவுக்கு அனுப்பின முதல் படம் திருவாரூர் ஆழித்தேர். பங்குனி மாசம், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, 96 அடி தேரு வீதியையே அடைச்சுக்கிட்டு வருது, வடம் புடிக்கிற கூட்டம், தூசி, எல்லாமே நல்லா விழுந்திருந்துச்சு. ஒரே ஒரு உறுத்தல், தேருக்குப் பின்னாடி மஞ்ச கலர்ல புல்டோசர் கொஞ்சூண்டு தெரிஞ்சுது. அந்தத் தேருக்கு வடம் இழுக்குறது மட்டும் பத்தாது, பின்னாடி புல்டோசர் வச்சுத் தள்ளணும், அவ்ளோ கனம். எனக்கு அது படத்தோட அழகக் கெடுக்குற மாதிரி பட்டுச்சு, ஒரு மணி நேரம் மெனக்கெட்டு போட்டோஷாப்ல அழிச்சேன், அனுப்பிட்டேன். ஒரிஜினல் ஃபைல் கேட்டாங்க, குடுத்தேன், படத்த தள்ளுபடி பண்ணிட்டாங்க.

எதையும் அழிக்கக் கூடாதுங்கிறது அந்தப் பிரிவோட விதியிலயே தெளிவா இருந்துச்சு, நான் படிக்கல. ஆனா அதவிடப் பெரிய விஷயம் எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் ஒறச்சுது. தேர் படம் ஆயிரம் பேர் எடுத்திருப்பாங்க, அந்தத் தேர் இன்னிக்கு எப்படி ஓடுதுங்கிற சேதியே அந்த மஞ்ச புல்டோசர்லதான் இருந்துச்சு. அந்த ஊருக்கு நேர்ல போனவனுக்கு மட்டுமே தெரியுற ஒண்ண நானே என் கையால அழிச்சிருக்கேன். டிராவல் போட்டோ போட்டின்னா என்னன்னு எனக்குப் புரிஞ்சது அங்கதான், கீழ எழுதியிருக்கிற எல்லாமே அதச் சுத்தித்தான் வரும்.

முதல்ல எந்தப் போட்டின்னு முடிவு பண்ணுங்க

படம் எடுக்குறதுக்கு முன்னாடியே இத முடிவு பண்ணணும், ஏன்னா ஒவ்வொரு போட்டியும் வேற வேற மாதிரி ஆளுங்க நடத்துறது, கேக்குறதும் வேற.

ஒண்ணு சலோன் வகை. அமெரிக்காவுல 1934ல ஆரம்பிச்ச பி.எஸ்.ஏ. (போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா), உலக அளவுல ஃபியாப்ங்கிற போட்டோ சங்கங்களோட கூட்டமைப்பு, நம்ம நாட்டுல எஃப்.ஐ.பி. (ஃபெடரேஷன் ஆஃப் இந்தியன் போட்டோகிராஃபி), இந்த மாதிரி அமைப்புங்களோட அங்கீகாரம் வாங்கி ஊர் ஊருக்கு போட்டோ கிளப்புங்க நடத்துற போட்டிங்க இது. வருசம் பூரா நடக்கும். கலர், மோனோக்ரோம், நேச்சர், டிராவல்னு பிரிவு பிரிவா இருக்கும், பொதுவா ஒரு பிரிவுக்கு 4 படம். பிரிவுக்கு இவ்ளோன்னு கட்டணம் இருக்கும். பெரும்பாலும் மூணு நடுவருங்க ஒவ்வொரு படத்துக்கும் மார்க் போடுவாங்க, மூணையும் கூட்டி ஒரு அளவுக்கு மேல வந்தா அக்செப்டன்ஸ், அதாவது படத்த ஏத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம், அதுக்கும் மேல ரிப்பன், ஹெச்.எம். (ஹானரபிள் மென்ஷன்), மெடல். புதுசா வர்றவங்களுக்கு நான் இததான் முதல்ல சொல்லுவேன், காரணம் மெடல் இல்ல, மார்க் ஷீட் வரும். உங்க படம் எவ்ளோ தூரத்துல விட்டுச்சுன்னு நம்பர்ல தெரியும். பெரிய உலகப் போட்டிங்கள்ல தோத்தவங்களுக்கு பொதுவா அப்படி ஒண்ணும் வராது.

ரெண்டாவது அந்தப் பெரிய உலகப் போட்டிங்க. பிரிட்டன்லருந்து 2003லருந்து நடக்குற டிராவல் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர் இதுல முக்கியமானது, அதுல பல பிரிவுக்கு ஒத்தப் படம் போதாது, 4 படம் சேர்த்து ஒரு தொகுப்பா கேப்பாங்க, நாலும் ஒண்ணோட ஒண்ணு பேசணும். சோனி வேர்ல்ட் போட்டோகிராஃபி அவார்ட்ஸ்ல ஓப்பன் பிரிவுக்கு கட்டணம் கிடையாது, அதுல டிராவலும் உண்டு. துபாய்ல நடக்குற ஹிபா போட்டிக்கும் கட்டணம் இல்ல. காசு போகாதுங்கிறதால அனுப்பிப் பாக்கலாம், தப்பில்ல, ஆனா உலகம் முழுக்கலருந்து லட்சக்கணக்குல படம் வர்ற இடத்துல ஒரு தடவை தோத்ததுமே சோர்ந்து போயிடாதீங்க.

மூணாவது எனக்கு ரொம்பப் பிடிச்சது, விக்கி லவ்ஸ் மான்யுமெண்ட்ஸ். 2010ல நெதர்லாந்துல ஆரம்பிச்சது, பெரும்பாலும் செப்டம்பர் மாசம் நடக்கும், இலவசம். பழைய கோயில், கோட்டை, சத்திரம் மாதிரி பாரம்பரியக் கட்டடங்களோட படத்த விக்கிமீடியா காமன்ஸ்ல ஏத்தணும். உங்க ஊர்ப் பக்கத்துல யாருமே ஒழுங்கா படம் எடுக்காத ஒரு கோயில் இருக்கும்ல, அத ஏத்தினீங்கன்னா பரிசு வராட்டியும் விக்கிபீடியா கட்டுரைல அந்தப் படம் உக்காந்துரும். ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, அங்க ஏத்துற படம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல போகும், உங்க பேர போட்டு யாரு வேணா வியாபாரத்துக்குக் கூட எடுத்துக்கலாம், பின்னால வாபஸ் வாங்க முடியாது. அதுக்கு மனசு ஒத்துக்கிற படத்த மட்டும் ஏத்துங்க.

இது தவிர கம்பெனிங்க, சுற்றுலாக்காரங்க நடத்துற போட்டி இருக்கு, அதப் பத்தி உரிமைங்கிற இடத்துல சொல்றேன். அப்புறம் ஒரு வகை, இன்ஸ்டாவுல விளம்பரம் வரும், கட்டணம் கட்டினவங்க பாதிப் பேருக்கு ஏதோ ஒரு பட்டம் குடுப்பாங்க, சர்டிஃபிகேட்டுக்குத் தனிக் காசு, கோப்பைக்குத் தனிக் காசு. நடுவர் யாருன்னு பேரு போடலன்னா, போன வருசம் ஜெயிச்ச படங்கள முழு கேலரியா காட்டலன்னா, அந்தப் பக்கமே போகாதீங்க.

விதியப் படிங்க, டிராவல்னா என்னங்கிறத மட்டும் ரெண்டு தடவை படிங்க

புதுசா வர்றவங்க அதிகமா அடிபடுற இடம் இதுதான், அதனால இங்க கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

பி.எஸ்.ஏ. மாதிரி அமைப்புங்க டிராவல் படத்துக்கு வச்சிருக்கிற இலக்கணத்தோட சாரம் இதான்: ஒரு நிலத்தோட, அங்க இருக்குற ஜனங்களோட பண்பாட்டோட தனித்தன்மை இயல்பா எப்படி இருக்கோ அப்படியே படத்துல வரணும். எந்த ஊரா வேணா இருக்கலாம், வெளிநாடு போகணும்னு அவசியமே இல்ல. முகத்த மட்டும் குளோசப்ல எடுத்தா பத்தாது, சுத்தி இருக்குற இடத்தப் பத்தி ஏதாச்சும் தகவல் படத்துக்குள்ள இருக்கணும். போட்டோவுக்காகவே ஏற்பாடு பண்ணின நிகழ்ச்சி, காசு குடுத்து நிக்க வச்ச ஆளு, இப்படி நில்லுங்க அப்படிப் பாருங்கன்னு இயக்கின காட்சி, இதெல்லாம் அந்தப் பிரிவுக்குப் பொருந்தாது. படத்துல எதையும் சேக்கவும் கூடாது, நகத்தவும் கூடாது, மாத்தவும் கூடாது, அழிக்கவும் கூடாது, ஓரத்த வெட்டலாம் அவ்ளோதான். முழுசா கறுப்பு வெள்ளையா மாத்தலாம், ஆனா ஒரு பொண்ணோட செவப்புப் புடவைய மட்டும் கலர்ல விட்டுட்டு மிச்சத்த கறுப்பு வெள்ளையாக்குற வேலைக்கு இடமில்ல. இன்ஃப்ராரெட்டும் கூடாது.

இந்த இயக்கின காட்சி விஷயத்த கொஞ்சம் யோசிங்க. இலங்கைல கொக்கல பக்கம் கடல்ல குச்சி நட்டு அதுல உக்காந்து மீன் புடிக்கிறவங்க படம் எத்தன பாத்திருப்பீங்க, இன்னிக்கு அங்க குச்சில உக்காந்திருக்கிறவங்கள்ல நிறையப் பேரு டூரிஸ்ட் குடுக்குற காசுக்காக உக்காந்திருக்கிறவங்க. மியான்மர்ல இன்லே ஏரில ஒத்தக் கால்ல நின்னு கூம்புக் கூடைய தூக்கிக் காட்டுற மீனவரும் அப்படித்தான். அவங்க பொழப்பு அது, அவங்கள நான் ஒரு வார்த்தையும் குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் படத்த நீங்க எடுத்தா என்ன, பக்கத்துல நின்னவர் எடுத்தா என்ன, ரெண்டும் ஒண்ணுதான், நடுவரு அத நூறு தடவை பாத்துட்டாரு. நம்ம பக்கத்துலயும் போட்டோ டூருன்னு கூட்டிட்டுப் போயி ஒரு தாத்தாவ தலப்பா கட்டி உக்கார வச்சு, பக்கத்துல பச்சக் கட்டையப் போட்டுப் புகை கிளப்பி, இருபது பேரு சுத்தி நின்னு எடுக்குறாங்க. போர்ட்ரெய்ட் கத்துக்க அது நல்ல பயிற்சிதான். ஆனா அத டிராவல் பிரிவுக்கு அனுப்பினீங்கன்னா விதிய மீறினதாகும், அதே தாத்தா அதே புகையோட இருபது பேரு அனுப்பியிருப்பாங்க, பாக்குறப்பவே புடிச்சிருவாங்க.

போட்டிக்குப் போட்டி விதி மாறும். சிலதுல சின்ன திருத்தத்துக்கு இடம் இருக்கும், சிலதுல தூசிப் புள்ளியத் தவிர எதுக்கும் இடம் கிடையாது. ஜெயிக்கிற கட்டத்துல ரா ஃபைல், அதாவது கேமரா பதிவு பண்ணினபடியே எதுவும் மாத்தாத ஃபைல், கேப்பாங்க, இத லேசா எடுத்துக்காதீங்க. லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்தோட வைல்ட்லைஃப் போட்டில 2009ல பெரிய பரிசு வாங்கின ஓநாய் படத்த, அது பழக்கின ஓநாயா இருக்கும்னு முடிவுக்கு வந்து அடுத்த வருசமே பறிச்சுட்டாங்க. அதே போட்டில 2017ல ஜெயிச்ச எறும்புத்தின்னி படத்த, அது பாடம் பண்ணின பொம்மை மிருகம்னு சொல்லி 2018ல பறிச்சாங்க. உலகம் பூரா நியூஸ் ஆச்சு.

ஏஐ படமும் அப்படித்தான். 2023ல சோனி போட்டில போரிஸ் எல்டாக்சன்னு ஒரு ஜெர்மன்காரரு ஜெயிச்சப்புறம், இது ஏஐ உண்டாக்கின படம், எனக்குப் பரிசு வேணாம்னு அவரே சொல்லிட்டாரு. அதுலருந்து நிறைய போட்டில இந்த விஷயத்துல இறுக்கிப் புடிக்கிறாங்க. நீங்க வேணும்னே பண்ணாட்டியும், மொபைல்ல மேஜிக் இரேசர், வானம் மாத்துறது, லைட்ரூம்ல ஜெனரேட்டிவ் ரிமூவ் இதெல்லாம் ஒரு தட்டுல நடந்து போகுது, போட்டிக்கு அனுப்புற படத்துல இத எதையுமே தொடாதீங்க.

உரிமை, இந்த ஒரு பத்தி மட்டும் யாரும் படிக்கிறதில்ல

கம்பெனிங்க நடத்துற போட்டில விதிமுறையோட அடிப்பகுதில, அனுப்பின எல்லாப் படத்தையும் நாங்க எப்போதைக்கும், உலகம் முழுக்க, காசு குடுக்காம, எதுக்கு வேணா பயன்படுத்துவோம்னு ஒரு வரி இருக்கும். ஜெயிச்ச படம்னா கூடப் பரவால்ல, அனுப்பின எல்லாப் படமும்னு இருந்தா நீங்க ஒரு பவர் பேங்க் பரிசுக்கு ஆசப்பட்டு பத்து படத்த தாரை வாத்துக் குடுக்குறீங்கன்னு அர்த்தம். போட்டிய விளம்பரப்படுத்த, கண்காட்சி வைக்க, புத்தகம் போட, உங்க பேரோட பயன்படுத்துவோம்னு மட்டும் இருந்தா நியாயம். காப்பிரைட்டையே மாத்திக் குடுக்கணும்னு எழுதியிருந்தா நான் அனுப்ப மாட்டேன்.

நம்ம நாட்டு 1957 காப்பிரைட் சட்டத்துல படத்த எடுத்தவருக்குச் சாதகமா சில விஷயம் இருக்கு. உரிமைய எழுதிக் குடுக்குறப்ப எவ்ளோ காலத்துக்குன்னு போடலன்னா 5 வருசம்னுதான் எடுத்துக்குவாங்க, எந்த நாட்டுக்குன்னு போடலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்னு அர்த்தம். அதனாலதான் இந்த விதிமுறைல எல்லாம் எப்போதைக்கும், உலகம் முழுக்கன்னு மறக்காம எழுதி வைக்கிறாங்க. அந்த ரெண்டு வார்த்தை கண்ணுல பட்டா நின்னு படிங்க.

படம் எடுக்குறது: பக்கத்துல இருக்குற ஒரு ஊரப் புடிங்க

லடாக் போனாதான் டிராவல் படம் வரும்னு நெனைக்காதீங்க. ஒரு தடவை போயி நாலு நாள் இருந்து வர்ற இடத்துல நீங்க எடுக்குற படம் எல்லாரும் எடுத்த படமாதான் இருக்கும், ஏன்னா எங்க நிக்கணும்னு கூட உங்களுக்கு டிரைவர்தான் சொல்லுவாரு. பஸ்ல ரெண்டு மணி நேரத்துல போய்ச் சேர்ற ஒரு ஊரு, ஒரு திருவிழா, ஒரு சந்தை, ஒரு மீன்புடி எறங்குதளம், ஒண்ணே ஒண்ணு போதும், அங்க வருசத்துக்கு மூணு தடவை போங்க. முதல் தடவை கேமரா பையிலயே இருக்கட்டும், சும்மா நடங்க, டீக்கடைல உக்காருங்க, எத்தன மணிக்கு என்ன நடக்கும்னு கேளுங்க.

நான் திருவாரூருக்கு அடுத்த வருசம் போனப்ப தேருக்கு ரெண்டு நாள் முன்னாடியே போயிட்டேன். நம்ம கோயில் ஊருங்கள்ல வெளிச்சத்துக்கு ஆப்பே தேவயில்ல, வீதி பேரே சொல்லிடும், கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. தேரு வலமாத்தான் சுத்தும். அப்போ தெற்கு வீதில அது மேற்குப் பாத்து வரும், நீங்க அதுக்கு முன்னால தள்ளி நின்னா கிழக்குப் பாத்து நிப்பீங்க, காலை வெயில் தேருக்குப் பின்னாடிலருந்து அடிக்கும், வடம் புடிக்கிறவங்க தோளு, தூசி, எல்லாத்துக்கும் ஓரத்துல ஒரு வெளிச்சக் கோடு விழும். அதே தேரு வடக்கு வீதில கிழக்குப் பாத்து வர்றப்ப சாயங்காலம் ஆச்சுன்னா அங்கயும் இதே மாதிரி கிடைக்கும். பங்குனில சூரியன் கிட்டத்தட்ட நேர் கிழக்குலதான் எழும்பும், அதனால இந்தக் கணக்கு அவ்ளோவா பிசகாது. இந்த மாதிரி உங்க ஊர்த் திருவிழாவுக்கு ஒரு துண்டுப் பேப்பர்ல வீதியப் போட்டு, அம்புக்குறி போட்டு வச்சுக்கோங்க.

அடுத்தது, எல்லாரும் எங்க பாக்குறாங்களோ அங்க பாக்காதீங்க. தேருன்னா எல்லா கேமராவும் கலசத்தப் பாத்துதான் இருக்கும். கீழ பாருங்க. சக்கரத்துக்குப் பக்கத்துல குனிஞ்சுக்கிட்டே கூடவே ஓடுறாங்களே, முட்டுக்கட்டை போடுறவங்க, அவ்ளோ பெரிய தேர ஒரு மரக்கட்டைய சொருகி நிறுத்துறாங்க, திருப்புறாங்க. சக்கரம் இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக் இருக்கு, ரெண்டும் திருச்சி பெல் தொழிற்சாலை செஞ்சு குடுத்தது, இருந்தும் முட்டுக்கட்டையும் வேணும், ஆளும் வேணும். ஒரே ஃபிரேம்ல பழைய மரச் சிற்பம், இரும்புச் சக்கரம், கட்டையோட ஒரு மனுசன், பின்னாடி புல்டோசர். இந்த ஒரு படத்துல இருக்குற சேதி கலசத்துப் படத்துல வராது. உங்க ஊர்லயும் இப்படி ஒரு முட்டுக்கட்டை வேலை இருக்கும், யாரும் பாக்காத, ஆனா அது இல்லன்னா எதுவும் நடக்காதுங்கிற மாதிரி ஒண்ணு, அதத் தேடுங்க.

இங்க கண்டிப்பா ஒண்ணு சொல்லணும், வடத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவுல கால வைக்கவே வைக்காதீங்க, வியூ ஃபைண்டருக்குள்ள பாத்துக்கிட்டே பின்னாடி நடக்காதீங்க. ஒரு ஃபிரண்டக் கூட்டிட்டுப் போங்க, அவரு வேலை உங்க சட்டையப் புடிச்சு இழுக்குறது மட்டும்தான். லென்ஸ் கொஞ்சம் நீளமா இருந்தா தள்ளி நின்னே எடுக்கலாம்.

எடுக்குற முறை என்னோடது இப்படித்தான்: முதல்ல பின்னணியப் புடிப்பேன், ஆளு அப்புறம். ஒரு சுவரு, ஒரு வாசலு, வெளிச்சம் விழுற ஒரு மூலை, அதுல ஃபிரேம வச்சுட்டு நின்னுருவேன், யாராச்சும் உள்ள வருவாங்க. ஆளத் துரத்திக்கிட்டு ஓடுனா ஆளு நல்லா வருவாரு, அவரு தலைக்குப் பின்னாடி லைட் கம்பம் மொளச்சிருக்கும், அத அழிக்கவும் முடியாதுன்னு ஆகிப்போச்சுல்ல. ஒரே இடத்துல தூரத்துலருந்து ஒண்ணு, நடுத்தரமா ஒண்ணு, கிட்ட ஒண்ணுன்னு மூணு விதமா எடுத்துருங்க, நாலு படத் தொகுப்பு கேக்குற போட்டிக்கு அது உதவும்.

கேமரா எதுன்னாலும் பரவால்ல, 24-70 மாதிரி ஒரு லென்ஸ் போதும், மொபைல் அனுமதிக்கிற போட்டியும் நிறைய இருக்கு. ரா ஃபைல் கண்டிப்பா ஆன்ல இருக்கட்டும். பகல்ல எஃப்8, ஆளுங்க நகர்ற இடத்துல ஷட்டர் 1/250க்குக் கீழ வேணாம், ஐஎஸ்ஓ ஆட்டோல விட்டுருங்க. குலசேகரப்பட்டினம் (குலசை) தசரா மாதிரி ராத்திரிக் கூட்டம்னா, அதாவது விஜயதசமி அன்னிக்கு நடுராத்திரி கடற்கரைல சம்ஹாரம் நடக்குறப்ப, 3200, 6400ன்னு ஐஎஸ்ஓ ஏத்த யோசிக்காதீங்க, கொஞ்சம் பொரி பொரியா இருந்தாலும் நடுவரு மன்னிப்பாரு, கலங்கின முகத்த மன்னிக்க மாட்டாரு. ஃபிளாஷ் வேணாம், வேஷம் கட்டி விரதம் இருந்து வந்திருக்கிறவங்க கண்ணுல அத அடிக்கிறது மரியாதையும் இல்ல. கேமரால தேதி, நேரம் சரியா இருக்கான்னு கெளம்புறதுக்கு முன்னாடி பாருங்க, சரிபாக்குறப்ப அதயும் பாப்பாங்க.

அனுமதி விஷயம். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள்ள மொபைல் கொண்டு போகத் தடை போடச் சொல்லி 2022 டிசம்பர்ல சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டுச்சு, அதனால உள்ள எடுக்கலாம்னு திட்டம் போட்டுப் போகாதீங்க, வீதியும் கோபுர வாசலும் குளக்கரையும் போதும், ஊரோட உயிரு அங்கதான் இருக்கு. தொல்லியல் துறை பாதுகாக்குற இடங்கள்ல கையில வச்சு எடுக்கப் பெரும்பாலும் விடுவாங்க, டிரைபாடுக்குத் தனி அனுமதி வாங்கணும். டிரோன்னா 2021 டிரோன் விதிகளப் படிச்சு, வரைபடத்துல சிவப்பு, மஞ்ச, பச்சை எதுல அந்த இடம் வருதுன்னு பாத்துட்டுத்தான் தூக்கணும், திருவிழாக் கூட்டத்துக்கு மேல ஓட்டவே ஓட்டாதீங்க.

ஆளுங்கள எடுக்குறப்ப, இயல்பா நடக்குறத எடுத்துட்டு அப்புறமா போயி பேசுங்க, படத்தக் காட்டுங்க, வேணாம்னா அழிச்சுருங்க. முன்னாடியே கேட்டா எல்லாரும் விறைப்பா நின்னுருவாங்கங்கிறது உண்மைதான், ஆனா எடுத்துட்டு ஓடிப்போறது திருட்டு மாதிரி. குழந்தைங்கன்னா அப்பா அம்மா கிட்ட கேக்காம போட்டிக்கு அனுப்பாதீங்க. சில போட்டில மாடல் ரிலீஸ்னு கையெழுத்துப் போட்ட தாள் கேப்பாங்க, அப்போ பேரும் போன் நம்பரும் வாங்கி வச்சிருந்தா உங்களுக்கே நல்லது.

தேர்ந்தெடுக்குறது, போட்டியே இங்கதான் இருக்கு

எண்ணூறு படம் எடுத்துட்டு வருவீங்க, அன்னிக்கு ராத்திரியே தேர்ந்தெடுக்காதீங்க. அன்னிக்கு உங்களுக்குப் புடிக்கிறது படம் இல்ல, அந்த நாளு. வெயில்ல நின்னது, கூட்டத்துல நசுங்கினது, அந்த அம்மா மோர் குடுத்தது, அது எல்லாம் உங்க ஞாபகத்துல இருக்கு, படத்துல இல்ல. நடுவருக்கு அந்த மோர் தெரியாது. மூணு வாரம் விடுங்க.

அப்புறம் முப்பது படத்த எடுத்து ஸ்டுடியோல 4x6 பிரிண்ட் போடுங்க, செலவு கொஞ்சம்தான். வீட்டுத் தரைல பரப்புங்க. போட்டோ எடுக்காத ஒருத்தர, அம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவோ, கூப்புட்டு ஒவ்வொண்ணா மூணு செகண்டு காட்டிட்டு மறைச்சுட்டு, என்ன பாத்தீங்க, இது எந்த மாதிரி ஊருன்னு கேளுங்க. நீங்க ஒரு வார்த்தை விளக்கம் சொல்லக் கூடாது. சலோன்ல நடுவரு ஒரு படத்துக்குக் குடுக்குற நேரமும் ஏறக்குறைய அவ்ளோதான். எங்கம்மா நான் உசத்தியா நெனச்ச ஒரு கோபுரப் படத்தப் பாத்து "நல்லாருக்குப்பா, காலண்டர் மாதிரி"ன்னாங்க, முட்டுக்கட்டைப் படத்தப் பாத்து "ஐயோ, அந்த ஆளு காலு பத்திரம்"னாங்க. எத அனுப்பணும்னு அதுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

நாலு படம் அனுப்புறப்ப நாலும் ஒரே தேரா இருக்க வேணாம், சலோன்ல ஒவ்வொரு படமும் தனியாத்தான் நிக்கும். தொகுப்பு கேக்குற போட்டின்னா நேர் எதிரு, நாலும் ஒரே ஊரு, ஒரே மனநிலை, ஆனா ஒண்ணு சொன்னத இன்னொண்ணு திருப்பிச் சொல்லக் கூடாது.

எடிட்டிங், ஃபைல், தலைப்பு

வெளிச்சம், நிழல், வொயிட் பேலன்ஸ், லேசா கான்ட்ராஸ்ட், கோணல நிமித்துறது, ஓரம் வெட்டுறது, முடிஞ்சுது. நேர்ல நின்னு பாத்தப்ப எப்படி இருந்துச்சோ அதுக்குக் கொண்டு வர்றதுதான் எடிட்டிங். கிளாரிட்டி ஸ்லைடர ஏத்துனா தோலு கருவாடு மாதிரி ஆகும், சாச்சுரேஷன் ஏத்துனா மஞ்சப் புடவைல மடிப்பே தெரியாது.

ஃபைல் அளவு போட்டிக்குப் போட்டி மாறும், நிறைய சலோன்ல அகலம் 1920, உயரம் 1080 பிக்சலுக்குள்ள கேப்பாங்க, ஃபைல் 2 எம்பிக்குள்ள. கேமராவ நெட்டுக்குத்தா புடிச்சு எடுத்த படத்துக்கும் உயரம் 1080தான், அதனால அது சின்னதா தெரியும், அதுக்குத் தக்க மாதிரி யோசிங்க. கலர் ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபில விட்டா சில திரைல கலர் செத்துப் போன மாதிரி வரும். சின்னதாக்கின பிறகுதான் ஷார்ப்பன் பண்ணணும். படத்து மேல உங்க பேரோ வாட்டர்மார்க்கோ இருக்கவே கூடாது, யாரு எடுத்ததுன்னு நடுவருக்குத் தெரியக் கூடாதுங்கிறது அடிப்படை விதி.

தலைப்ப ஃபைல் நம்பராவே விடாதீங்க, அது விதிக்கே விரோதம். பெரும்பாலும் இங்கிலீஷ்லதான் கேப்பாங்க, நீளத்துக்கும் அளவு இருக்கும், 35 எழுத்துக்குள்ள வச்சுக்கோங்க. இந்தியாவின் அழகு, வாழ்க்கைப் பயணம்ங்கிற மாதிரி வேணாம். ஊரு பேரும் நடக்குற வேலையும் இருந்தாப் போதும், திருவாரூர் தேர் முட்டுக்கட்டை ஆட்கள், அவ்ளோதான். ஒரு படத்துக்கு ஒரு தலைப்பு வச்சுட்டா எத்தன சலோனுக்கு அனுப்பினாலும் அதே தலைப்புதான், மாத்துறது தப்பு. அதனால முதல் நாளே ஒரு எக்செல் ஷீட் போடுங்க, படம், தலைப்பு, எங்க அனுப்பினேன், எந்தப் பிரிவு, எவ்ளோ மார்க்.

விளக்கக் குறிப்பு கேக்குற போட்டில நாலு வரி எழுதுங்க, எங்க, எப்போ, யாரு, என்ன பண்றாங்க. உணர்ச்சி வசனம் வேணாம். இங்கிலீஷ் சுமாரா இருந்தாப் பரவால்ல, தகவல் சரியா இருக்கட்டும். கடைசி நாள் ராத்திரி வரைக்கும் காத்திருக்காதீங்க, வெளிநாட்டுப் போட்டில கடைசி நேரம்னு போட்டிருக்கிறது அந்த ஊரு நேரம், அதையும் பாத்துக்கோங்க.

ரிசல்ட் வந்ததுக்கு அப்புறம்

முதல் வருசம் மூணு போட்டிக்கு மேல வேணாம், கட்டணம் கூடிக்கிட்டே போகும், பழக்கமா ஆயிரும். மார்க் ஷீட் வந்தா, அளவுக்கு ஒரு மார்க் கம்மியா விட்டுப்போன படத்த தூக்கிப் போடாதீங்க, அது இன்னொரு நடுவர் குழு கிட்ட உள்ள போயிரும், எனக்கே ரெண்டு தடவை நடந்திருக்கு. ரொம்பக் கம்மியா வந்தத நாலு இடத்துக்கு அனுப்பிப் பாக்குறது காசுக்குக் கேடு. ஜெயிச்ச படங்களோட கேலரிய மெடல் பாத்து பொறாமப்படாம, ஒவ்வொண்ணுலயும் ஊரு எப்படித் தெரியுது, பின்னணி எவ்ளோ சுத்தமா இருக்கு, எங்க நின்னு எடுத்திருப்பாங்கன்னு ஒரு நோட்டுல எழுதிப் பாருங்க. பக்கத்துல போட்டோ கிளப் இருந்தா சேருங்க, சென்னைல போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ் 19ம் நூற்றாண்டுலருந்தே இருக்கு, கோவை, மதுரை மாதிரி ஊருங்கள்லயும் விசாரிச்சுப் பாருங்க. மாசாமாசம் உங்க படத்த திரைல போட்டு முகத்துக்கு நேரா குறை சொல்லக் கேக்குறது முதல்ல வலிக்கும், அதுக்குச் சமமான பள்ளிக்கூடம் எதுவும் இல்ல.

முட்டுக்கட்டைப் படம் எனக்கு ஒரு அக்செப்டன்ஸ் வாங்கிக் குடுத்துச்சு. ஒரு 8x12 பிரிண்ட் போட்டு திருவாரூருக்கு எடுத்துட்டுப் போனேன், ரெண்டு டீக்கடைல விசாரிச்சு அந்தப் பெரியவரக் கண்டுபுடிச்சேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. "நல்லாருக்கு தம்பி, ஆனா கட்டை முனை சக்கரத்துக்கு அடியில போற எடம் வுட்டுப்போச்சே, வேலையே அங்கதான இருக்கு"ன்னாரு. நான் ஓரத்துல வெட்டினதுல அது போயிருந்துச்சு. எந்தப் பக்கம் நின்னா அது தெரியும், வீதி திரும்புற எடத்துல எந்த வீட்டுத் திண்ணைல ஏறி நிக்கணும்னு அவரே கூட்டிட்டுப் போயி காட்டினாரு, வீட்டுக்காரம்மா கிட்டயும் சொல்லி வச்சாரு. வர்ற பங்குனிக்கு அந்தத் திண்ணைலதான் இருப்பேன்.